எரிக்காத சீட்டுகள்

மார்ச் 1, ஞாயிறு

மாத்திரை 6.10. கஞ்சி 6.40. கோயிலுக்கு 7.15.

ஆராதனைக்கான முதல் மணி இன்று சரியாக விழவில்லை. இருபத்தெட்டு வருடமாக எங்கள் கோயில்குட்டியார் மாசிலாமணி அடித்த மணி. பெருக்குவது, மெழுகுவத்தி ஏற்றுவது, மணி அடிப்பது எல்லாம் அவர்தான். வியாழன் மாலை தேரிக்காட்டு வளைவில் ஏதோ வண்டி மோதிச் சைக்கிளோடு கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் உயிர் போய்விட்டது. நேற்று அடக்கம் பண்ணினோம். இன்று போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கயிற்றை இழுத்தார். எப்போது விட வேண்டும் என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஒவ்வோர் அடியும் இரண்டாகக் கேட்டது.

என் வேலையை வழக்கம்போல் செய்தேன். ஸ்தோத்திரக் காணிக்கை உறைகளை ஜனங்கள் தட்டில் போடுவார்கள். உறைக்குள் எதற்காக நன்றி செலுத்துகிறோம் என்று ஒரு சீட்டு இருக்கும். நான் அங்கிகள் வைக்கும் உடுப்பு அறையில் உட்கார்ந்து உறைகளைப் பிரித்து, காரணங்களைப் பட்டியலாக எழுதிப் போதகர் ஐயரிடம் கொடுப்பேன். பணம் பொருளாளர் பக்கம், தாள் என் பக்கம். ஐயர் வாசிக்கும்போது சபைச் செயலாளர் ஜெயசிங் தட்டை ஏந்தி ஆல்டர் முன்னால் நிற்பார். வாசித்து முடித்ததும் ஐயர் அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

சீட்டில் இருப்பதை அப்படியே எழுதுவதில்லை. ஒருமுறை ஒருவர் மூல வியாதி அறுவை சிகிச்சையை ஒன்றரைப் பக்கம் விவரித்திருந்தார். அப்போதைய ஐயர் அதை முழுவதும் வாசித்துவிட்டார். அன்றிலிருந்து எட்டு வாசகங்கள் வைத்திருக்கிறேன்: பிறந்தநாள், திருமண நாள், சுகம், பிரயாணம், பரீட்சை, வேலை, புது வீடு, பொதுவான நன்மைகள். எதுவும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

இன்று வந்தவை 24. ஒன்று நீளமாக இருந்தது. சுருக்கினேன்.

மார்ச் 2, திங்கள்

பால் வர ஏழரை ஆகிவிட்டது. இசக்கியம்மாள் எப்போதும் ஆறு மணிக்கு வருகிறவள். செம்பைக் கீழே வைத்துவிட்டு நின்றாள்.

"எங்க வீட்டுக்காரரப் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க சார்வாள். நேத்து சாயங்காலம்."

அவள் கணவன் பேச்சிமுத்து லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். வியாழன் மாலை மாசிலாமணியைத் தூக்கி ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன் அவன்தான். ஆட்டோவில் ரத்தம் இருக்கிறதாம், முன்பக்கம் ஒரு நசுங்கல் இருக்கிறதாம்.

"அது போன தீவாளிக்குப் புளியமரத்துல இடிச்சது. ஊருக்கே தெரியும். இவரு பேசாம வந்திருந்தா இன்னைக்கு வீட்ல இருந்திருப்பாரு. 'மூச்சு இருக்குட்டீ, எப்பிடி விட்டுட்டு வர'ங்காரு."

 பால் அரை லிட்டர் வாங்கிக்கொண்டேன்.

பத்து மணிக்குக் கொல்லை அடுப்பில் சீட்டுகளை எரித்தேன். ஜனங்கள் தேவனுக்கு எழுதியது தேவனோடு போகட்டும் என்பது என் ஏற்பாடு. எரித்தவை 23.

மார்ச் 4, புதன்

ஜெயசிங் வந்தார். செங்கல் சூளை வைத்திருக்கிறவர், என் பழைய மாணவர். கருப்பட்டி ஒரு பொட்டலம் கொண்டுவந்தார்.

"சார்வாள், மாசிலாமணிக்குப் பன்னெண்டாம் தேதி நினைவு ஆராதனை வச்சிருக்கோம். ஜீவிய சரித்திரம் நீங்கதான் எழுதணும். நம்ம ஐயரு புதுசு, ஒண்ணும் தெரியாது."

"எழுதுதேன்."

"முடிவுல ரோடு, ரத்தம், அதெல்லாம் வேண்டாம். கேக்கிறவங்களுக்குக் கஷ்டம்லா. மகிமைக்குள் பிரவேசித்தார்னு முடிச்சிருங்க."

"சரி."

"நீங்க எப்பவும் பக்குவமா எழுதுவிய. ஞாயித்துக்கிழமை பட்டியலும் அப்படித்தான். யாரு மனசும் நோகாது."

எப்போதும் ஜீப்பில் வருகிறவர் இன்று பைக்கில் வந்திருந்தார். நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை. அவராகவே, "ஜீப்பு பெயிண்டுக்குப் போயிருக்கு" என்றார்.

அவர் போன பிறகு வெளிக்கதவின் கொண்டியை மூன்று முறை சரிபார்த்தேன். பகல் பதினொரு மணிக்கு ஒருவன் இப்படிச் செய்வது நகைப்புக்குரியது என்பது எனக்குத் தெரிகிறது.

மார்ச் 6, வெள்ளி

லெந்து என்னும் தவக்காலம் என்பதால் மதியச் சாப்பாடு இல்லை. உண்மையில் பசியும் இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

வந்தவை 19. ஒன்றைச் சுருக்கினேன்.

பட்டியல் வாசிக்கும்போது பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஜெயசிங்கின் மனைவி சுகிர்தம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐயர் வாசித்து முடித்ததும் என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள் என்று தோன்றியது. எனக்குத் தோன்றுவதெல்லாம் உண்மையாக இருக்க வேண்டியதில்லை.

மார்ச் 9, திங்கள்

எரித்தவை 18.

இசக்கியம்மாள் வக்கீலைப் பார்க்கப் போகிறாளாம். பாலில் தண்ணீர் இல்லை. இந்த நிலைமையிலும் அவள் பாலில் தண்ணீர் கலப்பதில்லை.

மார்ச் 11, புதன்

பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள போலீஸ் ஸ்டேஷன் வரை நடந்தேன். வாசலில் ஜெயசிங்கின் பைக் நின்றது. உள்ளே சிரிப்புச் சத்தம். வாசலில் நின்ற காவலர், "என்ன தாத்தா?" என்று கேட்டார். மணி என்ன என்று கேட்டேன். என் கையிலேயே கடிகாரம் இருந்தது. அவரும் அதைப் பார்த்தார்.

மார்ச் 12, வியாழன்

நினைவு ஆராதனை. மாசிலாமணிக்கு மனைவி மக்கள் கிடையாது. ஆகவே அழுவதற்கென்று யாரும் இல்லை. நான் எழுதியதை உபதேசியார் வாசித்தார். மகிமைக்குள் பிரவேசித்தார் என்று முடிந்தது. நல்ல வாக்கியம். அதில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

மார்ச் 13, வெள்ளி

ஐயர் வீட்டுக்குப் போனேன். எட்வின் ஐயருக்கு முப்பத்தி நாலு வயது. எதையும் மூச்சுவிடாமல் வேகமாக வாசிப்பார். அவர் கோபுர வேலைக்கான வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒருவருக்கு ஒரு விஷயம் தெரிந்து..." என்று ஆரம்பித்தேன்.

"யாருக்கு சார்?"

"பொதுவாகக் கேட்கிறேன். தெரிந்து, ஆனால் நிச்சயமாகத் தெரியாமல் இருந்தால்..."

"நிச்சயமா தெரியலன்னா ஜெபம் பண்ணுங்க சார். நிச்சயம் வரும்." பிறகு வரைபடத்தைக் காட்டினார். "நம்ம செயலாளர் மட்டும் இல்லன்னா இந்தக் கோபுரம் பேப்பர்லயேதான் நின்னிருக்கும்."

வரைபடம் மிக நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 15, ஞாயிறு

வந்தவை 27.

இந்த நோட்டில் நான் பொய் எழுதியதில்லை. எண்களையும் திருத்தியதில்லை. முதல் வாரம் 24 வந்து 23 எரிந்தது. இரண்டாம் வாரம் 19 வந்து 18 எரிந்தது. ஆனாலும் எழுதாமல் விட்டதும் ஒரு வகை எழுத்துதான். ஆகையால் இன்று எழுதிவிடுகிறேன். பள்ளியில் கணக்குக்கு வைத்திருந்த என் மடக்கை அட்டவணைப் புத்தகத்துக்குள் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. மூன்றாவது இப்போது மேஜைமேல் இருக்கிறது.

மார்ச் 1 சீட்டு: "வியாழன் மாலை ஆறரை மணிக்குத் தேரிக்காட்டு வளைவில் நேரிட்ட விபத்தில் எங்கள் இருவரையும் ஒரு கீறலுமின்றிக் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்."

நான் எழுதியது: பிரயாணத்தில் காத்ததற்காக, ஒரு சகோதரி.

மார்ச் 8 சீட்டு: "அடிபட்டவர் கையை உயர்த்தியும் நிறுத்தாமல் வந்த எங்களை இன்னும் அழிக்காத தேவனுடைய பொறுமைக்காக."

நான் எழுதியது: தேவனுடைய பொறுமைக்காக, ஒரு சகோதரி.

இன்றைய சீட்டு: "களியக்காவிளைப் பக்கத்துப் பட்டறையில் ஜீப்பின் உடைந்த விளக்கும் நசுங்கிய முகப்பும் புதிதாயின. குற்றமில்லாத பேச்சிமுத்து உள்ளே இருக்கிறார். எங்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது என்பதற்காக."

நான் எழுதியது: பொதுவான நன்மைகளுக்காக.

பெயர் கிடையாது. ஆனால் கோயில் வாசல் கரும்பலகையில் வாரந்தோறும் வசனம் எழுதுகிற கை அது. 'க'வின் கீழ்க்கோட்டை இழுத்துச் சற்றே மேலே வளைப்பாள். சுகிர்தத்தின் எழுத்து.

உறையை ஒவ்வொரு ஞாயிறும் ஜெயசிங் தன் கையாலேயே தட்டில் போடுகிறார். பிறகு அதே தட்டை ஏந்திக்கொண்டு சபைக்கு முன்னால் நிற்கிறார். ஒட்டிய காணிக்கை உறையைப் பிரித்துப் பார்க்கலாம் என்பது எங்கள் ஊரில் எவருக்கும் தோன்றாது. அவருக்கும் தோன்றவில்லை.

முதல் சீட்டை வாசித்தபோதே எனக்குத் தெரியும். தெரியவில்லை என்று எழுத இப்போது பேனாவை எடுத்தேன். முடியவில்லை.

மார்ச் 16, திங்கள்

 எழுத்து கோணலாக இருக்கும்.

காலையில் மூன்றாவது சீட்டைச் சட்டைப் பையில் வைத்தேன். பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பெரிய அதிகாரி யாரிடமாவது கொடுப்பது என்று உத்தேசம். மாத்திரை வாங்க மருத்துவர் எழுதித் தந்த தாளும் அதே பையில் இருந்தது. இரண்டையும் நான்காக மடித்திருந்தேன். எதையும் நான்காக மடிப்பது என் பழக்கம்.

பத்து மணிக்குச் சீட்டுகளைக் கொல்லைக்குக் கொண்டுபோனேன். அடுப்பைப் பற்றவைக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"எரிக்கப் போறியளா சார்வாள்? நானும் பாக்கேன்."

ஜெயசிங். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். வாசல்கதவின் கொண்டி சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

"எல்லாத்தையும் எரிச்சிருவியளா?"

"எல்லாத்தையும்தான்."

"எங்க வீட்டு உறையில அவ என்ன எழுதியிருந்தா?"

"பொதுவான நன்மைகளுக்காகன்னு."

"அவ்வளவுதானா?" சிரித்தார். "அவ விரல்ல மை இருந்திச்சு. அவ்வளவு நேரமா எழுதினாளேன்னு பாத்தேன். நேத்து எத்தன சீட்டு?"

"இருபத்தேழு."

"எண்ணுங்க. சும்மா ஒரு இதுக்குத்தான்."

எண்ணினேன். அவரும் உதடசைத்து எண்ணினார்.

"இருபத்தாறுல்லா இருக்கு."

என் எண்ணே என்னைக் காட்டிக்கொடுத்தது. "ஒண்ணு பையில இருக்கும்" என்று சொன்னது என் குரல்தான், ஆனால் எங்கோ தூரத்திலிருந்து வந்தது. பைக்குள் கையை விட்டேன். இரண்டு மடிப்புகளும் விரலுக்கு ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை எடுத்து, பிரிக்காமல், அப்படியே நெருப்பில் போட்டேன். எதைப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அது சுருண்டு கறுத்து அடங்கும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அந்தத் தராசு ஞாபகம் இருக்கா சார்வாள்? பள்ளிக்கூட லேப்ல? நான் உடைச்சேன். நீங்க பாத்திய. அடி வாங்கினது அந்தச் சவரக்கடை வீட்டுப் பையன். நீங்க அன்னைக்கும் ஒண்ணும் சொல்லல." எழுந்து என் தோளைத் தட்டினார். "அதனாலதான் உங்கமேல எனக்கு அவ்வளவு மரியாதை."

அவருடைய பைக் தெருமுனை தாண்டும்வரை நின்றேன். பிறகு பையில் மிச்சமிருந்ததை எடுத்துப் பிரித்தேன். 'களியக்காவிளை' என்ற சொல் கண்ணில் பட்டது. எரிந்தது மருந்துச் சீட்டு.

பேருந்து ஏறவில்லை. சீட்டை மடக்கை அட்டவணைக்குள் வைத்துவிட்டுப் படுத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் மாத்திரை தர மாட்டேன் என்றான். எரித்துவிட்டேன் என்றேன். "மருந்துச் சீட்ட யாராவது எரிப்பாங்களா சார்வாள்?" என்று கேட்டான். பதினைந்து நாளைக்கு மட்டும் கொடுத்தான்.

மார்ச் 22, ஞாயிறு

வந்தவை 21. ஜெயசிங் வீட்டு உறைக்குள் ஒரு வெற்றுத் தாள். இரண்டு பக்கமும் பார்த்தேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பார்த்தேன். ஒன்றுமில்லை.

சுகிர்தம் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். கிணற்றடியில் வழுக்கிவிட்டதாம். ஜெயசிங்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.  இந்தத் தடவை அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அந்த மை படிந்த விரலைப் பற்றி அவர் என் கொல்லையில் உட்கார்ந்துதான் பேசினார். நான் "பொதுவான நன்மைகள்" என்றேன். அவர் நம்பவில்லை. விலை கொடுத்தது அவள்.

இன்றைய வேதவாசிப்பு, முற்றத்தில் குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த சீஷனைப் பற்றியது. என் முறை; நான்தான் வாசித்தேன். உச்சரிப்பு சுத்தமாக இருந்ததென்று இரண்டு பேர் பாராட்டினார்கள்.

மார்ச் 23, திங்கள்

எரித்தவை 20. வெற்றுத் தாளை எரிக்க மனம் வரவில்லை.

மார்ச் 25, புதன்

ஜாமீன் மறுத்துவிட்டார்களாம். இசக்கியம்மாள் பால் ஊற்றும்போது சொன்னாள்.

"அங்க பாய் இல்ல சார்வாள். வெறுந்தரையில படுக்காராம். 'அந்த மணிக்காரரு சாகும்போது என் மடியிலதான் தலைய வச்சிருந்தாரு, நான் கொல்லுவேனா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. யாரு பதில் சொல்ல?"

கொசுறாக ஒரு கரண்டி ஊற்றினாள். வேண்டாம் என்றேன். "வயசானவிய, குடிங்க" என்றாள்.

அந்தப் பாலைக் குடிக்க முடியவில்லை. கொட்டவும் முடியவில்லை. மாலைவரை மேஜைமேல் இருந்து திரிந்துபோயிற்று.

மார்ச் 28, சனி

பகல் மூன்று மணி. நாளை குருத்தோலை ஞாயிறு. சனிக்கிழமைகளில் ஆல்டருக்குப் பூ வைக்கிறவள் சுகிர்தம். குருத்தோலைக் கட்டுகள் வந்துவிட்டனவா என்று பார்க்கிற சாக்கில் போனேன். கோயிலில் வேறு யாருமில்லை. புறாக்கள் மட்டும் உத்திரத்தில்.

அவள் பித்தளைச் சாடியில் சம்பங்கியை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையை நிறுத்தவில்லை. தணிந்த குரலில் பேசினாள்.

"மூணு தரம் எழுதினேன் சார்வாள். மூணு தரமும் சபையில உக்காந்து காத்திருந்தேன். நீங்க ஏன் வாசிக்க விடல?"

"சுருக்கித்தான் எழுதுவது வழக்கம்..."

"ஒரு மனுஷன் செத்ததையுமா?"

கீழே விழுந்த ஒரு பூவை எடுத்துக் கொடுத்தேன்.

"என் போனை அவர் எடுத்து வச்சுக்கிட்டார். வெளிய எங்க போனாலும் கூடவே வாரார். ஸ்டேஷன்ல இன்ஸ்பெக்டர் அவருக்குச் சேக்காளி. அந்த வீட்டுல இருந்து யாரும் தொட்டுப் பாக்காம வெளிய போறது காணிக்கை உறை ஒண்ணுதான். அதுவும் அவர் கையாலயே போவுது. தேவன் வச்ச வழின்னு நெனச்சேன். நடுவுல நீங்க இருக்கிறத மறந்துட்டேன்."

"நீங்க அன்னைக்கு வண்டியில..."

"முன் சீட்ல. மாசிலாமணி கையத் தூக்கினார். எங்க ஜீப்புன்னு தெரிஞ்சு தூக்கினார். சிரிச்ச மாதிரி இருந்திச்சு, நாங்க இறங்கி வருவோம்னு. நான் 'நிறுத்துங்க'ன்னு சொன்னேன். ஒரு தரம்தான் சொன்னேன் சார்வாள். ரெண்டாந்தரம் சொல்லல." ஒரு காம்பை ஒடித்தாள். "அந்தச் சீட்டெல்லாம் எரிஞ்சு போச்சுல்லா?"

"இல்லை. மூன்றும் இருக்கின்றன."

அவள் கை அப்போதுதான் நின்றது. சாடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எழுதுனபடியே எழுதுங்க. ஐயர் நிறுத்தாம வாசிச்சிருவார். முந்நூறு பேரு கேட்டுட்டா அத எந்த இன்ஸ்பெக்டரும் மூட முடியாது."

"உங்களுக்கு என்ன ஆகும்?"

"இப்ப மட்டும் என்ன ஆகல?" கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஜெயசிங்.

"பூ வைக்க இவ்வளவு நேரமா? சார்வாளும் இருக்கியளா! என்ன பேச்சு?"

 "குருத்தோலை போதுமா என்று கேட்டேன். போன வருஷம் சிறுவர்களுக்குக் குறைந்துவிட்டது" என்றேன்.

"சார்வாளுக்கு எல்லாத்துக்கும் எண்ணிக்கை வேணும்" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

மாத்திரை இரண்டு போட்டேன். ஒன்று என்பதுதான் முறை.

வந்தவை 33. உடுப்பு அறையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினேன். முதல் தாளில் பதினான்கு பெயர்கள்: பிறந்தநாள், பரீட்சை, சுகம். இரண்டாவது தாளை எடுத்தேன். மடக்கை அட்டவணையைத் திறந்தேன். பதினைந்து, பதினாறு, பதினேழு. அவள் எழுதியதை எழுத்துக்கு எழுத்து இறக்கினேன். பள்ளியில் முதன்முதலாகப் பார்த்தெழுதும் பிள்ளையைப் போல் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினேன். பதினேழில் பேச்சிமுத்துவின் பெயர் வரும் இடத்தில் மை கொட்டிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.

காலடி கேட்டது. இரண்டாவது தாளைப் பாமாலைப் புத்தகத்தின் அடியில் தள்ளினேன்.

ஜெயசிங் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் குருத்தோலைச் சிலுவை. முதல் தாளை எடுத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பக்குவமா இருக்கு சார்வாள். மிச்சம்?"

"எழுதிக்கொண்டிருக்கிறேன்."

"எங்க வீட்டது?"

"பொதுவான நன்மைகள்."

"அதேதான். போதும் அது." தாளை மேஜைமேல் வைத்தார், பாமாலைப் புத்தகத்துக்குச் சரியாகப் பக்கத்தில். போனார்.

பட்டியலை ஐயரிடம் நீட்டியபோது, இப்போதுகூடத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். விரலை விடுவதற்குக் கொஞ்சம் தாமதமாயிற்று. அவர் இழுத்துத்தான் எடுத்தார்.

ஜெயசிங் தட்டை ஏந்தி ஆல்டர் முன்னால் சபையைப் பார்த்து நின்றார். ஐயர் வழக்கமான வேகத்தில் வாசித்தார். பன்னிரண்டு. பதின்மூன்று. பதினான்கு. தாளைப் புரட்டினார். பதினைந்தை அதே வேகத்தில் வாசித்து முடித்துவிட்டார். தேரிக்காட்டு வளைவு என்ற சொல்லுக்கு இரண்டொரு தலைகள் நிமிர்ந்தன. பதினாறில், "அடிபட்டவர் கையை உயர்த்தியும் நிறுத்தாமல் வந்த எங்களை" என்ற இடத்தில் குரல் வேகம் குறைந்தது. பதினேழை அவர் ஒவ்வொரு சொல்லாக, படிக்கத் தெரியாதவரைப் போல் வாசித்தார். ஜீப்பின் உடைந்த விளக்கு. குற்றமில்லாத பேச்சிமுத்து. அத்துடன் நின்றுவிட்டார்.

முன்வரிசைச் சிறுவர்கள் குருத்தோலையைத் தாழ்த்தினார்கள்.

ஜெயசிங்தான் முதலில் பேசினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. "ஐயரவாள், அது என்னமோ தப்பா எழுதியிருக்கு. சார்வாளுக்கு வயசாயிட்டுல்லா. மேல வாசிங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உளறிவிட்டேனோ என்று ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது. ஜெயசிங் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று முப்பது வருடமாக நம்பிப் பழகியவன் நான்.  முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"தப்பில்லை. எழுத்துக்கு எழுத்து அப்படியேதான் இருக்கிறது. சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன."

என் குரல் மூன்று பெஞ்சு தாண்டியிருக்காது. ஆனால் பெண்கள் பக்கத்திலிருந்து வந்த குரல் கோயில் முழுவதும் கேட்டது.

"நான்தான் எழுதினேன். நான் அந்த ஜீப்புல இருந்தேன்."

சுகிர்தம் எழுந்து நின்றாள். ஜெயசிங் அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். பிறகு தட்டு கையில் இருப்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அதை ஆல்டர்மேல் வைப்பதா, ஐயரிடம் கொடுப்பதா, கீழே வைப்பதா என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் கைநீட்டி வாங்கவில்லை. அவர் அதைப் பிடித்தபடியே நின்றார்.

ஐயரம்மா எழுந்துபோய்ச் சுகிர்தத்தின் பக்கத்தில் நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் அந்தப் பெஞ்சு முழுவதும்.

மார்ச் 30, திங்கள்

ஐயர், சுகிர்தம், நான் மூவரும் மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பெரிய அதிகாரியைப் பார்த்தோம். அவள் நான்கு மணி நேரம் சொன்னாள். நான் மூன்று சீட்டுகளையும் வெற்றுத் தாளையும் கொடுத்தேன். வெற்றுத் தாள் எதற்கு என்று அதிகாரி கேட்டார். அதுவும் அவள் எழுதியதுதான் என்றேன்.

மாலையில் ஜெயசிங்கை அழைத்துப் போனார்கள் என்று உபதேசியார் வந்து சொன்னார். சூளையிலிருந்து இரண்டு ஆட்கள் என் தெருவில் நின்று வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். சுகிர்தம் ஐயர் வீட்டில் இருக்கிறாள். கதவுக்கு இன்னொரு கொண்டி போடச் சொல்லியிருக்கிறேன்.

எரித்தவை: ஒன்றுமில்லை.

மார்ச் 31, செவ்வாய்

இசக்கியம்மாள் ஆறு மணிக்கு வந்தாள். முகம் கழுவிப் பூ வைத்திருந்தாள்.

"இந்த வாரம் வந்திருவாருன்னு வக்கீல் சொல்லுதாரு சார்வாள். நீங்கதான் சபையில எந்திரிச்சு நின்னியளாம்லா. ஊரே பேசுது. உங்க காலத் தொட்டுக் கும்பிடணும்."

குனிய வந்தாள். நான் விலகிக்கொண்டேன். இதையும் சுருக்கிவிடலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? வாசகங்கள் எட்டும் தயாராக இருந்தன.

"இசக்கியம்மா, அந்தச் சீட்டு என் கைக்கு வந்தது ஒண்ணாந்தேதி காலையில."

அவளுக்கு உடனே புரியவில்லை. "எந்த ஒண்ணாந்தேதி?"

"இந்த மாசம். ஞாயிற்றுக்கிழமை."

"அவரப் பிடிச்சது அன்னைக்குச் சாயங்காலம்லா."

"ஆமாம்."

"காலையிலயே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"நான் தெனம் வந்தேனே சார்வாள். தெனம் இங்கதான நின்னேன்."

 அவள் கையிலிருந்த அளவுக் குவளையைப் பார்த்தாள். பிறகு அரை லிட்டர் அளந்து என் பாத்திரத்தில் ஊற்றினாள். சரியாக அரை லிட்டர். செம்பை எடுத்துக்கொண்டாள். வழக்கமாக, "வாரேன் சார்வாள்" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். இன்று சொல்லவில்லை.

நாளை வருவாளா என்று தெரியவில்லை. பாத்திரத்தைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.